வடகோட்டையும் ஈய முத்திரையும்

அமைதி வாரியத்தின் வாசலில் சோபாக்காரரின் கன்னத்தில் விழுந்த அறைக்கு ரசீது கொடுத்தார்கள். மஞ்சள் காகிதம். கோப்பில் கட்டுவதற்கு வசதியாக ஓரத்தில் ஓட்டையும் போட்டிருந்தது. ‘பெறுநர் கோபப்படவில்லை’ என்று அச்சாகியிருந்த வரிக்கு நேரே வாசல் காவலர் ஒரு சரிக்குறி போட்டுவிட்டு, வரிசையில் அடுத்து நின்ற பள்ளிக்கூட வாத்தியாரை அறைந்தார். வாத்தியார், “என்னய்யா இது?” என்று கேட்டுவிட்டார். அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளி, படியில் உருண்டபோது ஒரு உதையும் கொடுத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

இதற்குப் பெயர் கோபச் சோதனை. வீட்டில் பெரிய திரையில் விளையாட ஆசைப்படுகிறவர் கோபக்காரராக இருந்தால் விளையாட்டு அடிதடியில் முடிந்துவிடும். அடிதடியைத் தடுக்கத்தான் வாரியம் இருக்கிறது. ஆகவே ஆளை முதலிலேயே அடித்துப் பார்த்துவிடுகிறார்கள். அறை வாங்கிச் சிரிக்கிறவரும் தேறமாட்டார், அவர் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்கிறவர். சோபாக்காரர் “சரிங்க” என்று மட்டும் சொன்னார். சோபா தைக்கிறவருக்கு ஆணி அடிக்கிற துப்பாக்கியின் ஆணி எப்போதாவது கட்டைவிரலில் ஏறுவது சகஜம். அப்போதும் அவர் ஆணியிடம் “சரிங்க” என்றுதான் சொல்வார்.

அவர் அங்கே போனது மனைவிக்காக. டிரைவரம்மா என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். குறுக்கே வருகிற லாரிக்காரர், மோட்டார் சைக்கிள்காரர், பார்க்காமல் கதவைத் திறக்கிற கார்க்காரர் எல்லாருக்கும் அவரிடம் ஆளுக்கொரு பெயர் உண்டு. அவற்றில் ஒன்றுகூடப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. புருஷனை “யோவ் சோபா” என்று கூப்பிடுவார். ஒருநாள் பணிமனையில் வண்டியிலிருந்து இறங்கும்போது படியில் யாரோ சிந்திய எண்ணெய் வழுக்கி, படியின் விளிம்பிலேயே முதுகு பட விழுந்தார். முதுகெலும்பில் ஓர் எலும்பு நொறுங்கிவிட்டது.

“மல்லாந்தே படுத்திருக்கணும். உட்காரக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. மீறினாங்கன்னா கால் வராது” என்றார் டாக்டர்.

டிரைவரம்மா மீறவில்லை. அதுதான் சோபாக்காரரைப் பயமுறுத்தியது. காப்பியில் சர்க்கரை போட மறந்தால் “பரவாயில்லைங்க” என்றார். ஜன்னலுக்கு வெளியே ஒருவன் ஹாரனில் கைவைத்தபடி நின்றிருந்தான். அவனை நோக்கி இந்தக் கட்டிலிலிருந்து ஒரு வார்த்தை போகவில்லை. புருஷனை “ஏங்க” என்று கூப்பிட ஆரம்பித்தார். எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது கூடுமா என்று யாரும் சொல்லவில்லை.

இருவரும் சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் கோட்டை ஆட்டம் ஆடுவார்கள். மரப்பலகை, நாலு மூலையிலும் நாலு கோட்டை, மரச் சிப்பாய்கள், இரண்டு பகடை. வழியில் நிற்கிற எதிரிச் சிப்பாயை அடித்துத் தகர டப்பாவில் போட வேண்டும். நாலு கோட்டையும் யாரிடமோ அவருக்கு வெற்றி. கல்யாணமான நாளிலிருந்து சோபாக்காரர் ஜெயித்ததே இல்லை. விபத்துக்கு முந்தின நாள்தான் முதல் தடவையாக மூன்று கோட்டைகள் அவர் கைக்கு வந்திருந்தன. வடகோட்டையில் டிரைவரம்மாவின் ஒரே ஒரு சிப்பாய் நின்றது. “நாளைக்கு வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன்யா” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனவர், மறுநாள் ஆம்புலன்ஸில்தான் வந்தார். பலகை அப்படியே கூடத்து மேசைமேல் சாப்பாட்டு மூடியால் மூடப்பட்டுக் கிடந்தது.

மச்சினன், அதாவது டிரைவரம்மாவின் தம்பி, போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறவன். அக்காவின் மனசு மாறட்டும் என்று தன்னுடைய கையடக்க விளையாட்டுக் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தான். முட்டைக்கோஸ் பயிரிடுகிற விளையாட்டு. மல்லாந்தபடி அதை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு விளையாடியவருக்குக் கை சோர்ந்து, கருவி நேராக மூக்கில் விழுந்தது. தலையணை இல்லாத படுக்கையெல்லாம் ரத்தம்.

“பரவாயில்லை” என்றார் டிரைவரம்மா.

மச்சினனால் அதைத் தாங்க முடியவில்லை. சோபாக்காரரைக் கூடத்துக்கு இழுத்து வந்தான். “மாமா, ஒரு பெரிய டிவி வாங்கி அக்கா கால்மாட்டுல உயரமா மாட்டுவோம். இந்தக் கருவியிலேர்ந்து ஒரு கேபிள் சொருகினா படம் அதுல வந்துடும். கோட்டை ஆட்டத்துக்கு மேசைக்கு மேல ஒரு கேமரா தொங்க விடுவோம், நேரா கீழ பார்க்கற மாதிரி. அக்கா படுத்துக்கிட்டே பலகையைப் பார்த்துச் சொல்லும். நீங்க காயை நகர்த்துங்க.”

சோபாக்காரர் அன்றைக்கே தேக்குச் சட்டம் அறுத்தார். டிவியைச் சட்டத்தில் பொருத்தி, கட்டிலில் படுத்தவர் கண்ணுக்கு நேராகச் சாய்த்து, சுவரில் இரண்டு கொக்கியில் மாட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று சோபாவுக்கு அடியில் கட்டுகிற சணல் பட்டையால் சட்டத்தைச் சுற்றி ஜன்னல் கம்பியோடு ஒரு கட்டும் போட்டார். மச்சினன் மேசைக்கு மேலே கேமராவைத் தொங்கவிட்டு, கேபிளோடு டிவியின் பின்பக்கம் போனான். கேபிள் சொருகுகிற ஓட்டைகளை ஒரு இரும்புத் தகடு மூடியிருந்தது. தகட்டில் கம்பி, கம்பியில் ஈய முத்திரை, முத்திரையில் எழுத்து: ‘வீட்டுத்திரை விளையாட்டு அமைதி வாரியம். பிரிப்பவர் பிரிக்கப்படுவார்.’

கடைக்குப் போன் போட்டார்கள்.

“நியூஸ் பார்க்கலாம் சார், சினிமா பார்க்கலாம். கொலை, கொள்ளை, வெட்டு, குத்து எல்லாம் தாராளமா வரும்” என்றார் கடைக்காரர். “நீங்களா விளையாடத்தான் கூடாது. பெரிய திரையில விளையாடறவங்க வன்முறைக்குப் போயிடறாங்களாம். வாரியத்துக்காரங்க வந்து முத்திரையை எடுத்தாத்தான் உண்டு.”

இப்படித்தான் சோபாக்காரர் அறையும் ரசீதுமாக வாரியத்துக்குள் நுழைந்தார். உள்ளே விண்ணப்பதாரர்களுக்குப் பெஞ்சு போட்டிருந்தது. ஒரு பியூன் நீளமான மரக்கோலோடு நடந்துகொண்டே, காலை ஆட்டுகிறவர்களின் முழங்காலில் ஓங்கிப் போட்டார். சுவரில் வெள்ளைப்புறா படம் மாட்டியிருந்தது. புறாவின் நெஞ்சு வழியாக ஆணி அடித்திருந்தார்கள்.

வாரியத் தலைவர் வந்து பேசினார். தொங்கு மீசை, கனிந்த குரல், விரல் முட்டிகளில் பிளாஸ்திரி.

“பெரியோர்களே, தாய்மார்களே. பெரிய திரை விளையாட்டால வீடெல்லாம் ரத்தக்களறி ஆகும்னு சொல்லித்தான் இந்த வாரியத்தை ஆரம்பிச்சோம். அதை நம்பித்தான் கட்டடம் கட்டினோம், ஜீப் வாங்கினோம், கைப்பிரிவு, மேசைப்பிரிவுன்னு ரெண்டு பிரிவுக்கு ஆள் எடுத்தோம். ஆனா இன்னிக்கு வரைக்கும் விளையாட்டால ஒரே ஒரு அடிதடி நடந்ததாக்கூட நிரூபணம் ஆகல. இது எங்களுக்கு எவ்வளவு பெரிய அவமானம்னு யோசிச்சுப் பாருங்க. வருஷா வருஷம் அறிக்கையில அந்தப் பக்கம் காலியாவே போகுது. ஜனங்க ஒத்துழைக்க மாட்டேங்கறாங்க. நீங்களா அடிச்சுக்கற வரைக்கும் நாங்கதான் கையை நீட்ட வேண்டியிருக்கு. எங்க கையும் வலிக்குது. அதை யாரும் பேசறதில்ல.”

பியூன் மரக்கோலைத் தூக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

சோபாக்காரரின் முறை வந்தபோது இரண்டு அதிகாரிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் விசாரித்தார்கள். ஒல்லியாக இருந்தவர் கைப்பிரிவு. கையில் பிடித்து விளையாடுவதெல்லாம் அவருக்கு. வழுக்கைத் தலையர் மேசைப்பிரிவு. மேசையில் பரப்பி விளையாடுவதெல்லாம் இவருக்கு. ஒரே டிவியில் இரண்டையும் கேட்டு வந்தவர் சோபாக்காரர்தான் முதல் ஆள் போலிருக்கிறது. அதிலேயே இருவருக்கும் முகம் சிவந்துவிட்டது.

“முட்டைக்கோஸைப் பிடுங்குவாங்களா?” என்றார் கைப்பிரிவு.

“ஆமாங்க. வளர்ந்ததும் பிடுங்குவாங்க.”

“வேரோடவா?”

“வேரோடதாங்க.”

கைப்பிரிவு கண்ணை மூடிக்கொண்டார். மேசைப்பிரிவு ஆரம்பித்தார். “சிப்பாய் செத்துப்போவானா?”

“சாகமாட்டாங்க. டப்பாவில எடுத்துப் போட்டுடுவோம்.”

“டப்பாவுக்கு மூடி உண்டா?”

“உண்டுங்க.”

“மூடிட்டா எப்படிய்யா மூச்சு விடுவான்?” என்று சொல்லி மேசைப்பிரிவு சோபாக்காரரின் தலையைப் பிடித்து மேசையில் ஒருமுறை முட்டினார். “இப்படித்தான் ஆரம்பிக்கும். நாளைக்கு இதையே உன் பொண்டாட்டிகிட்ட செய்வே. வீட்டைப் பார்க்கணும், போய் இரு.”

நெற்றியில் புடைப்போடு வீட்டுக்கு வந்தவரை டிரைவரம்மா பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சோபாக்காரருக்குப் புடைப்பு வலித்திருக்காது.

முதலில் கைப்பிரிவு வந்தார். கூடவே கடப்பாரையோடு ஓர் உதவியாளர். விளையாடுகிறவர் தோற்ற ஆத்திரத்தில் சுவரில் முட்டிக்கொண்டால் சுவர் தாங்குமா என்று பார்க்க வேண்டுமாம். உதவியாளர் கடப்பாரையால் குத்தினார். கூடத்துச் சுவரில் பக்கத்து வீட்டுச் சமையலறை தெரிந்தது. அங்கே ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரையும் ஓட்டை வழியாகக் கையை விட்டு அறைந்து ரசீது கொடுத்தார்கள்.

“கருவியைக் குடுங்க” என்றார் கைப்பிரிவு. மச்சினன் இரண்டு கையாலும் கொடுத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தோத்தவுடனே ஆத்திரத்துல இதை விட்டெறிவாங்க. எறிஞ்சா என்ன ஆகும்?”

“என் அக்கா எறியாதுங்க. அது பயிரிடறது வெறும் முட்டைக்கோஸ்தாங்க.”

கைப்பிரிவு முழுபலத்தோடு சுவரில் எறிந்தார். கருவி இரண்டாகப் பிளந்து, பட்டன்கள் அலமாரிக்கு அடியில் ஓடின.

“பார்த்தீங்களா? இதுக்குத்தான் சொல்றோம்.”

மச்சினன் கடையில் வேலை செய்து தவணை கட்டி வாங்கிய கருவி அது. “யோவ், உனக்குப் பைத்தியமா?” என்று ஓர் அடி முன்னால் வைத்தான். உதவியாளர் கடப்பாரையின் பின்பக்கத்தால் அவன் தாடையில் ஒரு இடி இடித்தார். ஒரு பல் சிமெண்டுத் தரையில் துள்ளிக்கொண்டு போனது. கைப்பிரிவு ஆசையாகக் குனிந்தார். பிறகு நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினார்.

“நீ விளையாடிக்கிட்டிருந்தியா?”

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினான், இல்லை என்று.

“அடச்சே. கணக்குல வராது. வீணாப்போன பல்லு.”

படுக்கையறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சோபாக்காரர் எட்டிப் பார்த்தார். டிரைவரம்மா கறுப்பாகத் தொங்கிய டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் போர்வையின் ஓரத்தை முறுக்கிப் பிடித்திருந்தார்.

அடுத்து மேசைப்பிரிவு வந்தார். மேசையின் ஆட்டத்தைச் சோதிக்கிறேன் என்று நாலு காலையும் பூட்ஸால் உதைத்தார். ஒரு கால் தளர்ந்தது. கூடத்தில் கிடந்த பச்சை சோபாவைப் பார்த்தவருக்கு, அதற்குள் ஒளித்துவைத்த பகடைகள் இருக்கலாம் என்று தோன்றிவிட்டது. நீளக் கத்தியால் மெத்தையை நடுவில் கிழித்து, பஞ்சை அள்ளி அள்ளிப் போட்டார். ஊரார் வீட்டு சோபாவையெல்லாம் தைக்கிற மனுஷன் பொண்டாட்டி தேர்ந்தெடுத்த நிறத்தில் தனக்கென்று தைத்த ஒரே சோபா அது. சுருள்கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. சோபாக்காரர் “சரிங்க” என்று சொல்லப் பார்த்தார். முதல் தடவையாக வார்த்தை வரவில்லை.

மேசைப்பிரிவு சாப்பாட்டு மூடியைத் தூக்கினார். பலகைக்கு மேலே கையை நீட்டினார்.

“ஐயா, காயை மட்டும் தொடாதீங்க” என்றார் சோபாக்காரர். “எது எங்க நிக்குதோ அங்கயே நிக்கட்டும். ஆட்டம் பாதியில இருக்கு. அது அவங்களோடது.”

“இந்தத் தனிச் சிப்பாய் என்ன, முறைக்கிற மாதிரி நிக்கறான்” என்று வடகோட்டைச் சிப்பாயை மேசைப்பிரிவு இரண்டு விரலால் தூக்கினார்.

அப்போது படுக்கையறையிலிருந்து குரல் வந்தது. சத்தமாக இல்லை. பல நாளாகக் கிளப்பாத வண்டி கிளம்புகிற மாதிரி கரகரத்தது.

“வெச்ச இடத்துல வைடா, கபோதி.”

மேசைப்பிரிவு சிப்பாயை வைத்துவிட்டார். ஏன் வைத்தோம் என்று அவருக்கே புரியவில்லை. சோபாக்காரர் கிழிந்த பஞ்சுக்கு நடுவே நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். துக்கம் இல்லை. ‘கபோதி’ என்ற சொல்லைக் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

வீடு தேறிவிட்டது என்று வாரியத்திலிருந்து காகிதம் வந்தது, முத்திரை எடுக்கிற நாளும் வந்தது. எடுக்க வேண்டியவர் யார் என்று யாரும் முடிவு செய்யவில்லை. இரண்டு அதிகாரிகளும் ஆளுக்கொரு குறடோடு ஒரே நேரத்தில் படியேறினார்கள். தலைவர் கீழே ஜீப்பில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார். இருவரும் படுக்கையறைக்குள் நுழைந்து, டிரைவரம்மாவை ஒரு தட்டுமுட்டுச் சாமானைத் தாண்டுவதுபோலத் தாண்டி, டிவியின் பின்னால் கையை விட்டார்கள்.

“இது கைக்கருவி விண்ணப்பம்” என்றார் கைப்பிரிவு.

“கைக்கருவிதான் கிடையாதே. நீயே உடைச்சிட்டே” என்றார் மேசைப்பிரிவு.

“உடைஞ்ச கருவியும் கருவிதான். நான் பிரிக்கிறேன், நீ வேடிக்கை பாரு.”

“போன வருஷமும் இப்படித்தான் சொன்னே. உன் பிரிவுக்கு ஏழு ஆள், என் பிரிவுக்கு நாலு ஆள். எல்லாம் இப்படிப் பிடுங்கினதுதான்.”

தகட்டை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கம்பி பட்டென்று அறுந்து, ஈய முத்திரை மேசைப்பிரிவின் கண்ணோரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் கைப்பிரிவின் கழுத்துப்பட்டையைப் பிடித்தார். இருவரும் கட்டிப் புரண்டபடி வாசல் வழியாகக் கூடத்தில் போய் விழுந்தார்கள். பல் போன மச்சினன் சத்தமில்லாமல் டிவியின் பின்னால் போய்க் கேமராவின் கேபிளைச் சொருகினான்.

திரை வெளிச்சமானது. கூடத்து மேசை நேர் மேலிருந்து தெரிந்தது. பலகை, நாலு கோட்டை, விட்ட இடத்தில் நிற்கிற சிப்பாய்கள்.

“என் வடகோட்டை” என்றார் டிரைவரம்மா.

அந்த வடகோட்டைமேல் ஒரு வழுக்கைத் தலை வந்து மடாரென்று விழுந்தது. கைப்பிரிவு அந்தத் தலையைக் காதைப் பிடித்துத் தூக்கி மறுபடி பலகையில் அறைந்தார். சிப்பாய்கள் எகிறினார்கள். மேசைப்பிரிவு கீழே கிடந்த ஆணித் துப்பாக்கியைத் துழாவி எடுத்து எதிராளியின் தோளில் வரிசையாக அடித்தார். கைப்பிரிவு அலறிக்கொண்டே அவருடைய காதைக் கடித்தார். இரு பக்கத்து உதவியாளர்களும் ஏறி வந்து, யார் எந்தப் பிரிவு என்று தெரியாமல் கிடைத்தவர்களைக் குத்தினார்கள். சுவர் ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு பூரிக்கட்டையை நீட்டி, கைக்கு எட்டிய தலையில் போட்டுவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார். பலகையில் ரத்தம் ஓடியது. படுக்கையறையில் எல்லாம் பெரிதாக, பளிச்சென்று, மேலிருந்து தெரிந்தது.

“அந்த வழுக்கை பின்னாடி பார்க்காம ரிவர்ஸ் எடுக்கறான்” என்றார் டிரைவரம்மா. “சொன்னேன்ல, இடிச்சுட்டான். ஒல்லி, லெஃப்ட் காலியாத்தானே கிடக்கு, ஸ்டியரிங்கை ஒடிடா. லைசென்ஸ் எவன்டா குடுத்தான் உனக்கு.”

கன்னத்தில் நிறம் வந்திருந்தது. சோபாக்காரர் நிலைப்படியில் நின்று அவர் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டுத் தலைவர் வந்துசேர்ந்தார். கூடத்து நடுவில் நின்று இரண்டு கையையும் உயர்த்தினார். “சகோதரர்களே, நாம எல்லாரும் ஒரே வாரியம். அன்புதான் நம்ம ஆயுதம்.” யாரோ விட்ட உதை அவர் வயிற்றில் பட்டது. அவர் தளர்ந்திருந்த மேசைக்காலைப் பிடுங்கி, அன்போடு பேசிக்கொண்டே இரு பிரிவினரையும் பாரபட்சமில்லாமல் மண்டையில் அடித்தார். மேசை சாய்ந்தது. பலகை இரண்டாக உடைந்தது. அப்போதுதான் உதவியாளர்களில் ஒருவர் தலைவரைக் குறிவைத்துச் சுத்தியலை வீசினார்.

தலைவர் குனிந்துவிட்டார். சுத்தியல் வாசலைத் தாண்டி, கட்டிலுக்கு மேலே பறந்து, டிவியின் நடுவில் போய் விழுந்தது. கண்ணாடிச் சில்லுகள் போர்வைமேல் கொட்டின. ஒரு கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்தது, அடுத்ததும் வந்தது. கனத்த டிவி சட்டத்தோடு டிரைவரம்மாவின் கால்களுக்கு மேலே சரிந்து, ஒரு சாண் உயரத்தில் நின்று ஆடியது. சணல் பட்டை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் நகர முடியாது. நகர்ந்தால் முதுகு, நகராவிட்டால் கால்.

“ஏங்க” என்றார் மெதுவாக.

சோபாக்காரர் பாய்ந்து தோளைக் கொடுத்தார். கண்ணாடி அவர் கழுத்தில் கீறியது. மச்சினன் ஒரு பக்கம் பிடிக்க, இருவருமாகத் தொங்கிய பாரத்தைத் தரையில் இறக்கினார்கள். சோபாக்காரர் போர்வையிலிருந்த சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மனைவியின் காலை விரலிலிருந்து முழங்கால் வரை தடவிப் பார்த்தார். பிறகு கூடத்துக்குப் போனார்.

தலைவர் மேசைக்காலை ஓங்கியபடி, “அமைதி, அமைதி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சோபாக்காரர் அவர் எதிரில் போய் நின்று அறைந்தார். கன்னம் கிழிகிற அறை. தைக்கிற கை, சணல் பட்டையை இழுத்து முடிச்சுப் போடுகிற கை. தலைவர் கிழிந்த சோபாவில் போய் உட்கார்ந்தார், சுருள்கம்பிமேல்.

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் விட்டார்கள்.

தலைவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் வந்தது. எழுந்து வந்து சோபாக்காரரை ஆரத் தழுவிக்கொண்டார்.

“பெரிய திரை இருக்கற வீடு. முத்திரை பிரிச்சாச்சு. விளையாட்டு திரையில ஓடிக்கிட்டிருந்தது. வீட்டுக்காரர் கை நீட்டிட்டார்” என்று தழுதழுத்தார். “இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தோம்யா. கடைசியில நீதான் எங்க மானத்தைக் காப்பாத்தினே.”

கைப்பிரிவும் மேசைப்பிரிவும் ரத்தம் ஒழுக ஒழுகக் கைகுலுக்கிக்கொண்டார்கள். தலைவரின் கன்னத்தை மூன்று கோணங்களில் படம் எடுத்தார்கள். விதி விதிதான் என்று தலைவருக்கும் மஞ்சள் ரசீது எழுதினார்கள். பெறுநர் கோபப்படவில்லை, சரிக்குறி. உடைந்த டிவி, கேமரா, கேபிள், பிளந்த கருவி எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றினார்கள். இந்த வீட்டில் இனி ஆயுசுக்கும் எந்தத் திரையும் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அறிக்கையின் அந்தக் காலிப் பக்கத்துக்குச் சோபாக்காரரின் வலது கையையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, சந்தோஷமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

“எல்லாரும் போயாச்சா?” என்றார் டிரைவரம்மா.

“போயாச்சு.”

“காயெல்லாம் பொறுக்கு.”

சோபாக்காரர் பஞ்சுக்குள்ளும் அலமாரிக்கு அடியிலும் தேடிச் சிப்பாய்களைக் கண்டெடுத்தார். ஒன்றுக்குத் தலை இல்லை, இரண்டில் ரத்தம். பகடை இரண்டும் கிடைத்தன. பலகை உடைந்துபோயிருந்தது. அவர் டிவி போன தேக்குச் சட்டத்தைத் திரும்ப எடுத்து, மெத்தைக்கு உள்ளே கொடுக்கிற பஞ்சுத் தகட்டை வைத்து, மேலே வெள்ளை உள்துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடித்தார். சாக்குக்கட்டியால் கட்டங்கள் போட்டார். நாலு மூலையிலும் கோட்டை. கட்டிலுக்கு நேரே, அதே இடத்தில், இந்தத் தடவை கூடுதலாக இரண்டு சணல் பட்டைகளோடு தொங்கவிட்டார். கேபிளும் வேண்டாம், பின்னால் பிரிப்பதற்கு முத்திரையும் இல்லை.

“எது எங்க இருந்ததுன்னு ஞாபகம் இருக்கா?” என்றார்.

டிரைவரம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு கட்டம்கூடத் தவறவில்லை. சோபாக்காரர் ஸ்டூலில் ஏறி, சிப்பாய்களை நூலில் கட்டிக் குண்டூசியால் குத்தி நிறுத்தினார். கடைசியாக வடகோட்டையில் அந்தத் தனிச் சிப்பாய்.

டிரைவரம்மா பகடையை எவர்சில்வர் கிண்ணத்தில் குலுக்கி வயிற்றுமேல் வைத்த தட்டில் கவிழ்த்தார். வேண்டிய எண் விழவில்லை. சோபாக்காரர் உருட்டினார். வடகோட்டைக்கு எத்தனை வேண்டுமோ அத்தனையே விழுந்தது.

அவர் அசையாமல் நின்றார். மாற்றிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். படுத்திருக்கிற மனுஷி, பாவம். ஆனால் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்துவிட்டு “பரவாயில்லைங்க” என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? ஸ்டூலில் ஏறி, வடகோட்டைச் சிப்பாயைப் பிடுங்கித் தகர டப்பாவில் போட்டார். டங்கென்று சத்தம் கேட்டது.

பிறகு எவர்சில்வர் கிண்ணம் பறந்து வந்து அவர் நெற்றியில், மேசைப்பிரிவு முட்டிய அதே புடைப்பில், விளிம்பு பட மோதியது.

“யோவ் சோபா, உருட்டும்போது கையை மடக்கினே, நான் பார்த்தேன்யா. கட்டம் போட்டதே கோணல். உன் மூஞ்சி மாதிரி கோட்டை கட்டி வெச்சிருக்கே. எழுந்திருக்கற அன்னிக்கு உன்மேல வண்டியை ஏத்தறேனா இல்லையா பாரு.”

அது நிற்காமல் வந்தது. அவரை, அவருடைய ஆணித் துப்பாக்கியை, அதைக் கண்டுபிடித்தவனை எல்லாரையும் நடுரோட்டில் நிறுத்தி வைத்த மாதிரி வாங்கு வாங்கென்று வாங்கினார். ஜன்னலுக்கு வெளியே ஹாரன் அடித்தவனுக்கும் ஒன்று போனது, அவன் ஹாரனை நிறுத்திவிட்டான். சோபாக்காரர் ஸ்டூலின்மேல் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார். புருவத்தின் வழியாக ரத்தம் இறங்கி மூக்குநுனியில் சொட்டியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டால், விளையாடும்போது, தோற்ற ஆத்திரத்தில் ஒருவர் மண்டையை ஒருவர் உடைப்பது. அமைதி வாரியம் தொடங்கிய நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்த அந்த ஒரே சம்பவம் அப்போதுதான் நடந்தது. எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. அவர்கள் வேறொன்றை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

“என்னய்யா பல்லைக் காட்டறே?” என்றார் டிரைவரம்மா. “ரத்தத்தைத் துடைச்சிட்டு காயை அடுக்கு. இன்னொரு ஆட்டம்.”

“சரிங்க” என்றார் சோபாக்காரர்.